கை காட்டின இடத்துல எல்லாம் ஒரு ஸ்டாப்

என்னைப் பெத்த அத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ஸலாத்துக்கு நீங்க சொல்ற பதில் எனக்குக் கேக்காது. நான் சொன்னது எதுவும் உங்களுக்கும் கடைசி ரெண்டு வருசமாக் கேக்கலை. அதனால நமக்குள்ள புதுசா ஒண்ணும் கெட்டுப் போயிடலைன்னு நெனச்சுக்கிட்டு எழுதுறேன்.

உங்க ஊரு காலியாகுது அத்தா. நாம இருக்கிற இலுப்பூரைச் சொல்லலை, அது இருக்கிற இடத்துலயே இருக்கு. லேப்டாப்புல நீங்க கட்டுனீங்களே, 'புது இலுப்பூர்', அதைச் சொல்றேன். நீங்க எங்களை விட்டுட்டு மவுத்தான அன்னிக்கு அந்த ஊர்ல பதினோராயிரம் பேர் இருந்தாங்க. இன்னிக்குக் காலையில பாத்தேன், நாலாயிரம் கூட இல்லை. சத்தம் தாங்காம சீக்காகி, வீட்டைப் பூட்டிக்கிட்டு ஒவ்வொருத்தரா வெளியேறுறாங்க. உங்களுக்காக அம்மா வீட்டுக்குள்ளயே இருக்கிற இத்தா முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கு. அது வரைக்கும் ஊரு தாங்குமா? எனக்குத் தெரியலை. தாங்கலைன்னா அம்மாவை நான் எப்படித் தாங்குவேன், அதுவும் தெரியலை.

நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச கதையை இப்பக் கொஞ்சம் சொல்றேன், பொறுத்துக்குங்க. இந்தக் கடிதத்தை மத்தவங்களும் படிப்பாங்க. ஒரு விளையாட்டுக்காக இந்தப் பொம்பளை ஏன் இப்படி அடிச்சுக்குறான்னு அவங்க நெனச்சுரக் கூடாதுல்ல?

எங்க அத்தா முப்பத்தோரு வருசம் பஸ் ஓட்டுனவங்க. புதுக்கோட்டை, அன்னவாசல், இலுப்பூர், மறுபடி புதுக்கோட்டை. தனியார் பஸ், மாம்பழக் கலரு. முன்னாடி போற வண்டியைப் பிடிக்கணும், பின்னாடி வர்ற வண்டிக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் கத்துற கத்துல ரெண்டு நிமிசம்கிறது அவங்களுக்கு மான மரியாதை மாதிரி. வாயால பேசினதை விட ஹாரன்ல பேசினது ஜாஸ்தி. நம்ம தெரு முக்கு வந்ததும் ரெண்டு சின்னது, ஒண்ணு பெருசு. அம்மா அடுப்பைப் பத்த வைப்பாங்க. 'வாரேன், டீத்தண்ணி போடு'ன்னு அதுக்கு அர்த்தம்.

அந்த ஹாரனே உங்க காதைத் தின்னுருச்சு. லைசன்ஸ் புதுப்பிக்கப் போன எடத்துல காது டெஸ்ட் எடுத்தாங்க, நீங்க எல்லாத்துக்கும் தலையை ஆட்டி ஆட்டி மாட்டிக்கிட்டீங்க. வீட்டுல உக்காந்தீங்க. உக்காந்தீங்கன்னு சொல்றேன், எங்க உக்காந்தீங்க? கூடத்துக்கும் வாசலுக்கும் பஸ் ட்ரிப் மாதிரி சிங்கிள் அடிச்சுக்கிட்டே இருந்தீங்க. தம்பி ரியாஸ் துபாய் கெளம்பும்போது விட்டுட்டுப் போன லேப்டாப்புல ஒருநாள் இந்த விளையாட்டைத் தொறந்து பாத்தீங்க. நாம ரோடு போட்டா ஓரத்துல வீடு தானா வரும், ஆளு குடியேறுவாங்க, காரு ஓடும், பஸ் விடலாம். "நஸீமா, இங்கிட்டு வா! இந்தச் சிக்னல்ல ஒவ்வொருத்தனும் சண்டை போடாம நிக்கிறான் பாரு!" அப்படின்னு நீங்க கத்தினது நாலு வீட்டுக்குக் கேட்டுச்சு.

சத்தத்தை முழுசா வச்சுத்தான் விளையாடுவீங்க. ரோட்டுக்குக் கிட்டப் போனா அந்த ரோட்டுச் சத்தம் கேக்கும், எஞ்சினு, பிரேக்கு, ஹாரன். நான் பக்கத்து ரூம்ல உக்காந்து கம்பெனி கஸ்டமர்கிட்டப் பேசிக்கிட்டு இருப்பேன். ஒருத்தர் கேட்டாரு, "மேடம், பஸ் ஸ்டாண்டுல இருந்தா பேசுறீங்க?" எனக்கு வந்த கோவத்துல ஓடிவந்து உங்க மூஞ்சிக்கு நேரா, "சத்தத்தைக் குறைங்க அத்தா, மனுசி வேலை பாக்க வேணாமா!"ன்னு கத்தினேன். உங்களுக்குக் கேக்கலை. ஆனா என் வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டீங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாள் சத்தமே இல்லாம விளையாடுனீங்க. மூணாம் நாள் நானே வந்து சத்தத்தைக் கூட்டி வச்சேன். அது உங்களுக்குத் தெரியுமா?

அதுல ஒரு பட்டன் இருக்கு. அமுக்குனா ஊரே சாம்பல் நிறமாயிடும், எங்கெல்லாம் சத்தம் ஜாஸ்தியோ அங்க மட்டும் சிவப்பாத் தெரியும். உங்க ஊரு அப்பவே முக்கால்வாசி சிவப்பு. "அத்தா, சிவப்பு இருக்கிற எடத்துல ஆளுங்களுக்கு ஒடம்புக்கு முடியாமப் போகுமாம்"னு எழுதிக் காட்டினேன். நீங்க சிரிச்சீங்க. "சத்தம் இல்லாத ஊரு என்ன ஊரு? இவ்வளவு சிவப்பா இருந்தா ஊரு நல்லாப் பொழைக்குதுன்னு அர்த்தம்" அப்படின்னீங்க. கூடவே ஆஸ்பத்திரி மேல ஆஸ்பத்திரியாக் கட்டிச் சமாளிச்சீங்க. நீங்க தினமும் ஆறு மணி நேரம் கூடவே இருந்து பாத்ததால அந்த ஊரு ஓடுச்சு. அது எனக்கு இப்பத்தான் புரியுது.

நீங்க போனதுக்கப்புறம் அம்மா இத்தாவுல உக்காந்தாங்க. நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்டக் கூடாது. வந்து போற பொம்பளைங்க முதல் மாசம் வந்தாங்க, அப்புறம் அவங்கவங்க பாட்டைப் பாக்கப் போயிட்டாங்க. அம்மா பேச்சைக் குறைச்சுட்டாங்க. சோத்தைப் பெசஞ்சு வச்சுட்டு அப்படியே எந்திரிச்சுருவாங்க. நாலே கால் வண்டி தெருமுக்குல திரும்புற நேரத்துக்கு மட்டும் கதவுக்குப் பின்னாடி வந்து நிப்பாங்க. உங்க பஸ்ஸை இப்ப ஒரு சின்ன வயசு டிரைவர் ஓட்டுறான். செக்கிங்ல ஏர் ஹாரனைக் கழட்டிட்டாங்களாம். வண்டி சத்தமே இல்லாமத் திரும்பிப் போயிடுது. அம்மா கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள போயிடுவாங்க.

ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் சும்மா உங்க ஊரைத் தொறந்தேன். நீங்க விட்ட பஸ் எல்லாத்துக்கும் நீங்களே மாம்பழக் கலரு குடுத்திருந்தீங்க. அம்மா தொழுத பாயை மடிக்கிறதை விட்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்தாங்க.

"ஒங்க அத்தா பஸ்ஸா?"

"ஆமாம்மா."

"ஓடுதா இன்னும்?"

"ஓடுதும்மா."

"சத்தம் வையி புள்ள."

வச்சேன். ஒரு பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு. அம்மா ஸ்க்ரீன்ல அந்தப் பஸ்ஸு மேல விரலை வச்சு, அது போற எடமெல்லாம் விரலைக் கொண்டுபோனாங்க. அன்னிக்கு நான் ஊட்டாமலே முழுத் தட்டும் சாப்பிட்டாங்க. அதுல இருந்து தினமும் அஸருக்கு அப்புறம் இதுதான் வழக்கம். இத்தாவுல இருக்கிறவங்களுக்கு இருந்த ஒரே தெரு உங்க தெரு அத்தா.

பெரியம்மா ஒருநாள் வந்து பாத்துட்டுக் குதிச்சாங்க. "இத்தா இருக்கிற வீட்டுல படமா ஓட்டுறீங்க? ஊரு காறித் துப்பாது?" அம்மா நிதானமா, "படம் இல்லக்கா, பஸ்ஸு"ன்னாங்க. பெரியம்மா முணுமுணுத்துக்கிட்டே உக்காந்தாங்க. அரை மணி நேரம் கழிச்சு, "ஏன்டி, அந்த வெள்ளைக் காரு ரொம்ப நேரமா அங்கேயே நிக்கிதே, என்னான்னு பாரேன்"ன்னு கேட்டாங்க. உங்களுக்குச் சொல்லிச் சிரிக்கணும்னு திரும்பிப் பாத்தேன். கூடத்துல உங்க நாற்காலி காலியா இருந்துச்சு.

அந்த வெள்ளைக் காரு நின்னதை அன்னிக்கே நான் கவனிச்சிருக்கணும். அது மட்டும் நிக்கலை. அதுக்குப் பின்னாடி எரநூறு வண்டி நின்னுச்சு.

மொதல்ல வீடுங்க மேல சீக்குன்னு ஒரு குறி வந்துச்சு. அப்புறம் வீட்டுக்கு வீடு வந்துச்சு. ஆளுங்க வேலைக்குப் போகலை, கடையை மூடினாங்க, வீட்டைக் காலி பண்ணினாங்க. நீங்க கட்டின ஆஸ்பத்திரி எல்லாம் நெறஞ்சு போச்சு. ஆம்புலன்ஸ் போக வழி இல்லை. நான் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம் வச்சேன். ஊரு அழகாச்சு, சத்தம் கொறையலை. தடுப்புச் சுவர் கட்டினேன். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவுல சுவர் வந்ததால கடைக்குப் போக வழியில்லாம இன்னும் நூறு பேர் போனாங்க. ரோட்டை அகலமாக்கலாம்னு நாப்பது வீட்டை இடிச்சேன். அகல ரோடு கெடச்சதும் எங்கெங்கயோ இருந்த வண்டியெல்லாம் அங்கிட்டு வந்து சேந்துச்சு, முன்னைவிடச் சிவப்பாச்சு. லாரியைத் தடுத்துப் பாத்தேன். கடைக்குச் சரக்கு வரலை. நான் கை வச்சது அத்தனையும் வெளங்காமப் போச்சு அத்தா. முப்பத்தி மூணு வயசுல ஒரு லேப்டாப்பு முன்னாடி உக்காந்து, "யா அல்லா, இந்த ஒரு தெருவையாவது விட்டு வை"ன்னு துஆ கேட்டேன். சிரிக்காதீங்க.

அப்படியே நிறுத்தி வைக்கலாம்தான். நிறுத்தினா யாரும் சீக்காக மாட்டாங்க. ஆனா பஸ்ஸும் நின்னுரும். ஒருநாள் நிறுத்தித்தான் வச்சேன். அம்மா விரல் அசையாத பஸ்ஸு மேல அப்படியே இருந்துச்சு. "ஏன் புள்ள நிக்கிது? ஓட விடு, ஓட விடு"ன்னு என் தோளைப் புடிச்சு உலுக்கிட்டாங்க. உங்களைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கும் இப்படித்தான் உலுக்கினாங்க. ஓட விட்டுட்டேன். பழைய நாளுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. நடக்க நடக்க அது தானாப் பழசு மேலயே பதிஞ்சுக்கும்.

ரியாஸுக்குப் போன் போட்டு ஸ்க்ரீனைக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அக்கா, இதுல முன்னூறுக்கு மேல பஸ் ஸ்டாப் இருக்கு. வீட்டுக்கு வீடு ஸ்டாப். பஸ்ஸு நின்னா பின்னாடி வர்ற எல்லாம் நிக்கும். ஓடுற வண்டியை விட நின்னு கெளம்புற வண்டிதான் சத்தம். ஸ்டாப்பை எடு, ஊரு பொழைக்கும்"னான்.

"அத்தா வச்சதுடா."

"அத்தா டிரைவர்க்கா. இப்படி ஸ்டாப் வச்சா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

உண்மையில உங்களுக்குத் தெரியாதா? ஸ்டாப் இல்லாத எடத்துல பயணி இறங்கணும்னு சொன்னா, "இது என்ன மாட்டு வண்டியா?"ன்னு கேக்குற ஆளுல்ல நீங்க? நம்ம பக்கம் எல்லாருக்கும் அவங்க வீட்டு வாசல்ல பஸ் நிக்கணும். கை காட்டினா நிக்கணும். நிக்கலைன்னா டிரைவரோட மூணு தலைமுறையை இழுத்துப் பேசுவாங்க. அந்தப் பேச்சையெல்லாம் வாங்கியும் நிறுத்தாமப் போன மனுசன், தன்னோட ஊர்ல வாசலுக்கு வாசல் ஸ்டாப் வச்சது ஏன்?

ஒரு ஸ்டாப்பைத் தொட்டேன். பேரு வந்துச்சு. இங்கிலீஷ் எழுத்துல, தப்பும் தவறுமா நீங்க தமிழ் டைப் பண்ணியிருந்தீங்க. 'குடைக்காரர்.' அடுத்தது, 'கொய்யாக் கூடை அம்மா.' அதுக்கடுத்தது, 'ரெட்டைப் பிள்ளை தூக்கினவ.' 'பால்கேன்.' 'மாசமா இருந்த புள்ள, வெயிலு.' எனக்கு ஒண்ணும் வெளங்கலை. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன்.

"எல்லாம் அவுக நிறுத்தாமப் போன ஆளுக புள்ள."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் சொல்லுவாக. சோறு திங்கயில, இன்னைக்கு ஒரு குடைக்காரரை விட்டுட்டு வந்துட்டேன், மழையில நின்னாருன்னுவாக. பேரு தெரியாதுல்ல. ஆளைத்தான் தெரியும்."

முப்பத்தோரு வருசமா கண்ணாடியில பாத்துப் பாத்துச் சேத்து வச்சிருக்கீங்க. அத்தனை பேரையும் கொண்டுவந்து இந்த ஊர்ல குடி வச்சு, அவங்க நின்ன எடத்துல எல்லாம் பஸ்ஸை நிறுத்தியிருக்கீங்க. சத்தமும் நெரிசலும் அதனால வந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆஸ்பத்திரி மேல ஆஸ்பத்திரி கட்டிச் சமாளிச்சிருக்கீங்க. ஒரு ஸ்டாப்பைக்கூட எடுக்க மனசு வரலை உங்களுக்கு.

எனக்கு மட்டும் வருமா? ஆனாலும் எடுக்க ஆரம்பிச்சேன். வேற என்ன செய்யிறது, சொல்லுங்க? ஒவ்வொண்ணா எடுக்கும்போது பேரை ஒரு காலண்டர்த் தாளுக்குப் பின்னாடி எழுதி வச்சேன். "மன்னிச்சுக்குங்கம்மா, மன்னிச்சுக்குங்கய்யா"ன்னு சொல்லிக்கிட்டே எடுத்தேன். இருவத்தி மூணு ஸ்டாப் போச்சு. சிவப்பு கொஞ்சம்கூடக் கொறையலை. இருவத்தி நாலாவது குடைக்காரரு. அதை எடுத்ததும் அம்மா விரல் வச்சிருந்த பஸ்ஸு அந்த எடத்துல நிக்காமப் போச்சு.

அம்மா விரலை எடுத்துட்டாங்க. "அந்த மனுசனை மறுபடியும் விட்டுட்டுப் போறியே"ன்னாங்க. எந்திரிச்சு உள்ள போயி சுவரைப் பாத்துப் படுத்துட்டாங்க. மூணு நாள் அஸருக்கு அப்புறம் வெளிய வரலை. தட்டு மறுபடியும் அப்படியே திரும்பி வந்துச்சு.

ஸ்டாப்பை எடுத்தா அம்மா போறாங்க, எடுக்கலைன்னா ஊரு போகுது. ஊரு போனாலும் அம்மாதான் போவாங்க. நான் எங்கிட்டுப் போயி முட்டிக்கிறது? உங்க நாற்காலியைப் பாத்துத் திட்டினேன். "செத்தும் என்னை ட்ராஃபிக்ல நிறுத்திட்டுப் போயிட்டீங்களே"ன்னு கத்தினேன். அக்கம்பக்கத்துல என்ன நெனச்சாங்களோ, போகட்டும்.

நேத்து மத்தியானம் லுஹர் தொழுதுட்டு ஒரு முடிவோட உக்காந்தேன். எல்லாத்தையும் எடுக்க வேணாம், எந்த எடத்துல இந்த நெரிசல் தொடங்குதுன்னு கண்டுபிடிச்சு அதை மட்டும் பாப்போம்னு. நின்ன வண்டி வரிசையைப் புடிச்சுக்கிட்டே போனேன். எல்லா வரிசையும் ஊரு நடுவுல இருக்கிற ரவுண்டானாவுக்குத்தான் வந்துச்சு. ரவுண்டானாவுக்குள்ள நொழையிற வளைவுல ஒரு ஸ்டாப். உங்க ஊர்ல ஓடுற அத்தனை பஸ்ஸும், எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் போனாலும், அந்த ஒரு ஸ்டாப்புல நின்னுதான் போகணும்னு வச்சிருக்கீங்க. புத்தியுள்ள எந்த டிரைவரும் வளைவுல நிறுத்த மாட்டாரு. பேரைத் தொட்டேன்.

'நஸீமா. கையெல்லாம் கிரீஸ்.'

அத்தா.

பன்னெண்டாவது பரீட்சை, கணக்கு. நான் சைக்கிள்ல அன்னவாசல் போற வழியில புளியமரத்து வளைவுல செயின் கழண்டு போச்சு. மாட்டிப் பாத்தேன், மாட்ட முடியலை. கையெல்லாம் கருப்பாச்சு. அப்ப உங்க பஸ்ஸு வந்துச்சு. எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வேன்? வேற யாரு பஸ்ஸா இருந்தாலும் பயந்திருப்பேன், வர்றது எங்க அத்தா. ரோட்டு நடுவுக்கே வந்து கையைத் தூக்கினேன். நீங்க நிறுத்தலை. உங்க பின்னாடியே இன்னொரு வண்டி ஒட்டிக்கிட்டுப் போச்சு. நான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஓடினேன். பள்ளிக்கூடக் குழாயில கையைத் தேச்சுத் தேச்சுக் கழுவிட்டு உள்ள போகும்போது அரை மணி நேரம் போயிருச்சு. கடைசி ரெண்டு பெரிய கணக்குத் தெரிஞ்சும் போட முடியலை. நெனச்ச படிப்பு கெடைக்கலை.

சாயங்காலம் நீங்க சொன்னீங்க, "நான் பாக்கலம்மா. வளைவுல ரோட்டைத்தான் பாத்தேன்." நான் நம்பினேன். பதினஞ்சு வருசம் நம்பினேன். "உங்க அத்தாவே நிறுத்தலையாமே"ன்னு யாராவது கேட்டா, அவங்களோட சண்டைக்குப் போனேன். "அத்தா பாத்திருந்தா நிறுத்தியிருப்பாங்க!"

கையில கிரீஸ் இருந்ததை நான் யாருகிட்டயும் சொல்லலை. அம்மாகிட்டக் கூட. அதைக் கழுவிட்டுத்தான் உள்ளயே போனேன். தூக்கின கையைப் பாத்தவங்களுக்கு மட்டும்தான் அது தெரியும்.

அம்மா படுத்திருந்த எடத்துக்குப் போயி நின்னேன். "அன்னிக்கு அத்தா என்னைப் பாத்தாங்களா?"

அம்மா திரும்பாமலே சொன்னாங்க. "பாத்தாக புள்ள."

"அப்புறம் ஏன்?"

"பின்னாடி வண்டிக்காரன் ஒட்டிக்கிட்டு வந்தான், வளைவுல நிறுத்தினா இடிச்சிருவான்னாக. அதுக்குத்தான் நிறுத்தலையா, இல்ல டைமுக்காக நிறுத்தலையான்னு கேட்டேன். 'எனக்கே தெரியலை மைமூன்'னு எம் பேரைச் சொல்லி அழுதாக. ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னாக."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. பஸ்ஸை நிறுத்தாமப் போனதைக்கூட விட்டுருவேன் அத்தா. பின்னாடி வண்டி, உள்ள அறுபது பேரு, நீங்க சொல்லியிருந்தாப் புரிஞ்சிருக்கும். பதினஞ்சு வருசம் என்னை உங்களுக்காகப் பொய்ச் சாட்சி சொல்ல வச்சீங்களே! ஒரு வார்த்தை சொல்ல என்ன? காது போனதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன திட்டினாலும் உங்களுக்குக் கேட்டிருக்காதே. அதை விட்டுட்டு, ஒரு ஊரையே கட்டி, அத்தனை பஸ்ஸையும் என் பேர்ல நிறுத்தி, நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன் அத்தா. பக்கத்து ரூம்ல. எந்திரிச்சு வந்து கதவைத் தட்டியிருக்கக் கூடாதா?

இப்ப நான் யாரோட சண்டை போடுவேன்?

இன்னிக்கு அஸருக்கு அப்புறம் அம்மா தானா எந்திரிச்சு வந்து உக்காந்தாங்க. நான் ஊரைத் தொறந்தேன். வளைவைக் காட்டினேன். மாம்பழக் கலரு பஸ்ஸுங்க ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, என் ஸ்டாப்புல நிக்கிறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி ஊரே நின்னுச்சு.

"எடுக்கவாம்மா?"

"மத்தவுக எடத்தை எடுக்க ஒனக்குப் பாத்தியதை இல்லை. இது ஒன்னோடது. நீதான் சொல்லணும்."

ரொம்ப நேரம் கையை வச்சுக்கிட்டே இருந்தேன். எடுத்துட்டா, நீங்க என்கிட்டச் சொன்ன ஒரே உண்மை அழிஞ்சு போயிடும். இந்த ஒலகத்துல வேற எங்கயும் அது எழுதப்படலை. வச்சிருந்தா, உங்க ஊரு என் பேராலயே சாகும். நிறுத்தாமப் போனதுக்கு நீங்க இத்தனை நாளா நிறுத்தி நிறுத்திக் கணக்குத் தீத்தது போதாதா? நான் இன்னும் எவ்வளவு நேரம் கையைத் தூக்கிக்கிட்டே நிக்கிறது? எனக்கும் கை வலிக்குது அத்தா.

எடுத்துட்டேன்.

மொத பஸ்ஸு நிக்காம வளைஞ்சு போச்சு. அன்னிக்கு மாதிரியே. அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. அடுத்தது போச்சு. அதுக்கடுத்தது போச்சு. வெள்ளைக் காரு ஒண்ணு நகந்துச்சு. "போகட்டும் புள்ள"ன்னாங்க அம்மா. நான் அழுதேன், மறைக்கலை.

அப்புறம் அந்தக் காலண்டர்த் தாளை எடுத்து வச்சுக்கிட்டு, நான் எடுத்த இருவத்தி நாலு ஸ்டாப்பையும் திரும்ப வச்சேன். குடைக்காரரு, கொய்யாக் கூடை அம்மா, எல்லாரையும். அவங்க சார்பா மன்னிக்க நான் யாரு?

சத்தம் காட்டுற பட்டனை அமுக்கிப் பாத்தேன். இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. ரவுண்டானா ஓரத்துல மட்டும் லேசா வெளுத்த மாதிரி தெரிஞ்சுச்சு. நெசமாவா, இல்ல என் கண்ணுக்கு மட்டும் அப்படித் தோணுதான்னு தெரியலை. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே இன்னும் ஆறு வீடு காலியாச்சு. ஒன்பது நாள் இருக்கு. உங்களை மாதிரி ஆறு மணி நேரம் கூடவே உக்காந்து பாக்குறேன், லீவு சொல்லிட்டேன். தாங்குமா அத்தா? நீங்க இருந்தா என்ன செய்வீங்க? இன்னொரு ஆஸ்பத்திரி கட்டுவீங்களா?

ஒண்ணு மட்டும் உங்களுக்குச் சத்தியமாச் சொல்றேன். ஊரு நின்னாலும் போனாலும், இத்தா முடிஞ்ச மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கிட்டு அந்தப் புளியமரத்து வளைவுக்குப் போவேன். உங்க பழைய பஸ்ஸு வரும். கையைத் தூக்குவேன். நின்னா ஏறிக்கிறோம். நிக்கலைன்னா அடுத்த வண்டியில வாரோம், அந்தப் பையனைத் திட்ட மாட்டேன். ஏன் நிறுத்தலைன்னு அம்மா கேட்டா, நானே சொல்லிக்கிறேன்: "டிரைவர் பாக்கலம்மா. வளைவுல ரோட்டைத்தான் பாத்திருப்பாரு."

கையைக் கழுவிட்டு வந்த உங்க மக,
நஸீமா